வண்ணப் படப்புள்ளியின் ஒளித்திறன்: பின்தங்கிய நிறத்தின் வரலாறு

வண்ணத் திரையில் தெரியும் படம் இலட்சக்கணக்கான நுண்புள்ளிகளால் ஆனது. இப்புள்ளி ஒவ்வொன்றும் படப்புள்ளி அல்லது பிக்சல் எனப்படும். பெரும்பாலான திரைகளில் ஒரு படப்புள்ளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள் இருக்கின்றன. இவற்றுக்குக் கொடுக்கும் மின்னாற்றலில் எவ்வளவு பங்கு ஒளியாக மாறிப் பார்ப்பவரின் கண்ணை வந்து சேர்கிறது என்பதே படப்புள்ளியின் ஒளித்திறன் ஆகும். கைப்பேசியின் மின்கலம் மாலைக்குள் தீர்ந்துபோவதற்கும், நண்பகல் வெயிலில் திரை மங்கித் தெரிவதற்கும், கண்ணாடிபோல் அணியும் சிறு திரைகள் விரைவில் சூடாகிவிடுவதற்கும் இத்திறன் குறைவாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

மூன்று நிறங்களும் சமமான திறனுடன் இருந்த காலம் ஒன்று இதுவரை இருந்ததில்லை. 1950-களின் தொலைக்காட்சிப் பெட்டியில் சிவப்பு பின்தங்கியிருந்தது. 1960-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை எல்.இ.டி. விளக்குகளில் பிரகாசமான நீலம் கிடைக்கவே இல்லை. இன்றைய கைப்பேசியின் ஓ.எல்.இ.டி. திரையில் நீலம் பின்தங்கி நிற்கிறது. மிகச் சிறிய மைக்ரோ எல்.இ.டி. திரையில் மீண்டும் சிவப்பு. வெண்மையைக் காட்ட மூன்று நிறங்களும் குறித்த விகிதத்தில் சேர வேண்டும். ஆகவே பின்தங்கிய நிறம் எதுவோ, அதற்கேற்ப மற்ற இரண்டையும் அடக்கியே வைக்க வேண்டியிருக்கும். முழுத் திரையின் பிரகாசமும் ஆயுளும் அந்த ஒரு நிறத்தின் கையில் இருக்கும். வண்ணத் திரையின் எழுபதாண்டு வரலாற்றைப் பின்தங்கிய நிறத்தை முன்னுக்குக் கொண்டுவர நடந்த முயற்சிகளின் வரலாறாகவே படிக்கலாம். அதில் தமிழர்கள் சிலருக்கும் தமிழ்நாட்டு ஆய்வகங்கள் சிலவற்றுக்கும் இடம் உண்டு.

பாவும் ஊடையும்

நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே உள்ள குமாரபாளையம் விசைத்தறிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். படப்புள்ளியின் அடிப்படையை விளக்க இவ்வூர்த் துணியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சிவப்புப் பாவும் நீல ஊடையும் கொண்டு நெய்த துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் இரு நிற நூல்களும் தனித்தனியே தெரியும். நான்கடி தள்ளி விரித்தால் துணி ஊதாவாகத் தெரியும். நூலிழைகளைக் கண்ணால் பிரித்தறிய இயலாத தொலைவில் இரு நிறங்களின் ஒளியும் விழித்திரையில் கலந்துவிடுவதே இதற்குக் காரணம். திரையின் மூன்று துணைப்புள்ளிகளும் இவ்வாறே ஒரு நிறமாகக் கலக்கின்றன.

ஒப்புமை இதோடு நிற்பதில்லை. தறியில் எந்தப் பாவு நூல் மேலெழும்ப வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் தீர்மானிக்கின்றன. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய முறை அது. பூ வேலைப்பாட்டைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பாவு மேலா ஊடை மேலா என்று குறிப்பார்கள். திரையிலும் நெடுக்காக ஒரு கம்பி வரிசை, குறுக்காக ஒரு கம்பி வரிசை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு துணைப்புள்ளி. குறுக்கு வரிசையை ஒவ்வொன்றாகத் திறந்து, நெடுக்குக் கம்பிகளின் வழியே அந்த வரிசைக்குரிய அளவுகளை அனுப்புகிறார்கள். தறியில் ஊடை ஒவ்வொன்றாகப் போவதைப் போன்றதுதான்.

ஒரு வேறுபாடு மட்டும் மிக முக்கியமானது. துணிக்குச் சொந்த ஒளி கிடையாது. அது சூரியனிடமோ விளக்கிடமோ ஒளியைக் கடன் வாங்குகிறது. சாயம் என்பது ஒளியை விழுங்கும் பொருள். சிவப்புச் சாயம் தோய்ந்த நூல் பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. துணிக்கு இதனால் நட்டமில்லை, ஏனெனில் விழுங்கப்பட்ட வெயிலுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. திரையில் அப்படியல்ல. அங்கே விழுங்கப்படும் ஒவ்வொரு பங்கு ஒளியும் மின்கலத்திலிருந்து போகிறது. எனவே வெண்ணிற ஒளியைச் சாயத்தால் வடிகட்டி நிறம் காட்டுவதா, வேண்டிய நிறத்தை மட்டும் உண்டாக்குவதா என்பதே திரைத் தொழிலின் நிரந்தரக் கேள்வியாக இருந்துவருகிறது.

சிவப்பு பின்தங்கிய காலம்

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950-இல் மூவண்ணப் படக்குழாயைச் செய்து காட்டியது. மூன்று எலக்ட்ரான் கற்றைகள் குழாயின் பின்புறமிருந்து வரும். திரைக்குச் சற்று முன்னால் நுண்துளைகள் இட்ட மெல்லிய எஃகுத் தகடு ஒன்று நிற்கும். ஒவ்வொரு கற்றையும் துளை வழியே புகுந்து தனக்குரிய நிறப்பொட்டின்மீது மட்டும் விழும்படி துளைகள் அமைந்திருக்கும். நிறங்களைச் சரியாகப் பிரித்தது அந்தத் தகடுதான். ஆற்றலைத் தின்றதும் அதுவே. கற்றையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே துளை வழியே போனது. மீதி தகட்டில் மோதி வெப்பமாயிற்று. தகடு சூடேறிப் புடைத்தால் துளைகள் இடம் மாறி நிறங்கள் கலங்கும். இதைத் தவிர்க்கப் பிற்காலத்தில் இன்வார் என்னும் இரும்பு–நிக்கல் கலப்புலோகத்தைப் பயன்படுத்தினர். வெப்பத்தில் மிகமிகக் குறைவாகவே விரியும் இக்கலப்புலோகத்துக்காகச் சார்லஸ் கியோம் 1920-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றிருந்தார். சோனி நிறுவனம் 1968-இல் கொண்டுவந்த டிரினிட்ரான் குழாய், துளைகளுக்குப் பதிலாக நெடிய பிளவுகளை அமைத்துக் கூடுதல் கற்றையைப் போகவிட்டது.

பொட்டுகளில் பூசிய ஒளிர்பொருள்களில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. பச்சையும் நீலமும் நன்றாக ஒளிர்ந்தன, சிவப்பு சோர்ந்திருந்தது. அன்றைய சிவப்பு ஒளிர்பொருள்களின் ஒளி பரந்து கிடந்தது. அதில் ஒரு பகுதி, கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காத ஆழ்சிவப்பில் வீணானது. சிவப்புக்கு ஏற்பப் பச்சையையும் நீலத்தையும் மட்டுப்படுத்தியே வெண்மையைக் காட்ட முடிந்தது. முதல் பத்தாண்டின் வண்ணப் பெட்டிகளை இருட்டறையில் வைத்துப் பார்க்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1964-இல் ஆல்பர்ட் லெவின், ஃபிராங்க் பாலில்லா என்ற இரு அமெரிக்க வேதியியலாளர்கள் யிட்ரியம் வனடேட்டில் சிறிதளவு யூரோப்பியம் சேர்த்த ஒளிர்பொருளை அறிவித்தனர். யூரோப்பிய அயனி தரும் சிவப்பு, குறுகிய கோடு போன்றது. கண்ணுக்கு நன்கு தெரியும் சிவப்பிலேயே அது குவிந்திருந்தது. கட்டிப்போட்டிருந்த மற்ற இரு நிறங்களையும் அதன்பின் அவிழ்த்துவிட முடிந்தது. ஒரு நிறத்தைத் திருத்தியதால் மூன்று நிறங்களும் பிரகாசமாயின.

இந்த யூரோப்பியத்துக்கு உலகம் கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தை நாடியது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் மணல் உண்டு. திருவிதாங்கூர்க் கடற்கரையில் 1909-இலேயே அதைக் கண்டறிந்திருந்தனர். ஆனால் அம்மணலில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் ஆகியவையே மிகுதி. யூரோப்பியம் மிகச் சொற்பம். இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது வந்து சேர்ந்தது. அதற்குள் சிவப்பின் குறை தீர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

திரவப் படிகமும் இரு சகோதரர்களும்

படக்குழாயை வெளியேற்றிய திரவப் படிகத் திரை, ஒளித்திறனில் ஒரு பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். அதன் பின்னால் ஒரு வெண்ணிற விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அவ்வொளி முதலில் ஒரு தளவிளைவாக்கித் தாளைக் கடக்க வேண்டும்; அங்கேயே பாதிக்கு மேல் போய்விடும். பிறகு கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் மறைத்தது போக மீந்த இடைவெளி. பிறகு நிறவடிகட்டி, அங்கே மூன்றில் இரண்டு பங்கு போகும். பிறகு இரண்டாவது தளவிளைவாக்கி. விளக்கிலிருந்து கிளம்பிய 100 பங்கு ஒளியில் 5 முதல் 10 பங்கே கண்ணை அடையும். குமாரபாளையத்துச் சாயமிட்ட துணியின் முறையேதான் இது, ஒளிக்கு விலை கொடுத்துக்கொண்டே. இருந்தும் தட்டையாகவும் எடை குறைவாகவும் இருந்ததால் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

திரவப் படிகங்கள் 1888-ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டவை. நெடிய குச்சி போன்ற மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கருதப்பட்டது. பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் சி. வி. இராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004), பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோர் 1977-இல் இதை மாற்றினர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று நின்று திரவப் படிகமாகும் என்று அவர்கள் காட்டினர். நட்சத்திர ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இருவரும் இராமனின் குடும்பத்தினர் என்பதால் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. தட்டு வடிவத் திரவப் படிகம் பூசிய தாளை 1990-களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் புரண்டு தெரிந்த குறையை அத்தாள் பெருமளவு போக்கியது. அது ஒளியை மிச்சப்படுத்தவில்லை. கிடைத்த ஒளியைப் பல திசைகளிலும் சரியான நிறமாக நிற்கச் செய்தது.

சந்திரசேகரின் தம்பி பஞ்சரத்தினம் (1934–1969) செய்த பணி, இன்றைய ஓ.எல்.இ.டி. திரைக்கு இன்னும் நெருக்கமானது. அந்தத் திரையின் உட்புறம் பளபளப்பான உலோகம் இருக்கிறது. வெளிச்சத்தில் அது கண்ணாடிபோல் மின்னும். அதைத் தடுக்க ஒரு தளவிளைவாக்கியையும் கால் அலைத் தகட்டையும் மேலே ஒட்டுகிறார்கள். வெளியிலிருந்து நுழையும் ஒளி, உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வுத் தளம் மாறிவிடுவதால் வெளியேற முடியாமல் அங்கேயே அடங்கிப்போகிறது. ஆனால் ஒற்றைக் கால் அலைத் தகடு ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். பச்சைக்குப் பொருத்தினால் சிவப்பும் நீலமும் கசிந்து கறுப்புத் திரை ஊதாவாகத் தெரியும். பல தகடுகளைக் குறித்த கோணங்களில் அடுக்கினால் எல்லா நிறங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுபோல் செயல்படும் தகடு கிடைக்கும் என்பதைப் பஞ்சரத்தினம் 1955-இல், இருபத்தொரு வயதில், கணித்துக் காட்டினார். இன்று பயன்படும் அகன்ற நிறவீச்சுத் தாள்களில் ஒரு வகை அந்தக் கொள்கையின் வழி வந்ததே. மறு ஆண்டு அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் இருந்த கருத்தின் அருமையை 1987-இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி எடுத்துச் சொன்ன பிறகே உலகம் உணர்ந்தது. அதற்குள் பஞ்சரத்தினம் ஆக்ஸ்போர்டில் முப்பத்தைந்தாம் வயதில் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஒளியின் அந்த வடிவியல் கட்டத்தைக் கொண்டு செய்யும் தட்டையான திரவப் படிக வில்லைகள், கண்ணருகே அணியும் சிறு திரைகளுக்கான ஆய்வில் இப்போது இடம்பெறுகின்றன.

தளவிளைவாக்கித் தாள், வெளியொளியைத் தடுக்கும் அதே நேரத்தில் திரையின் சொந்த ஒளியிலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். 2021-இல் சாம்சங் நிறுவனம் ஒரு மடிப்புக் கைப்பேசியில் அத்தாளை நீக்கி, ஒவ்வொரு துணைப்புள்ளியின் மேலும் அதன் நிறத்துக்குரிய வடிகட்டியை மட்டும் வைத்தது. ஒளி வெளியேறும் அளவு 33 விழுக்காடு கூடியதாகவும், மின்செலவு 25 விழுக்காடு வரை குறைந்ததாகவும் அந்நிறுவனம் அறிவித்தது.

நீலம் வராத முப்பது ஆண்டுகள்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-இல் செய்தார். பச்சையும் மஞ்சளும் பின்தொடர்ந்தன. நீலத்துக்கு வேண்டிய காலியம் நைட்ரைடு படிகத்தைக் குறையின்றி வளர்க்கும் வழி தெரியாமல் பெரிய நிறுவனங்கள் பலவும் அதைக் கைவிட்டன. நகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும், தொக்குஷிமாவில் நிச்சியா என்ற சிறு நிறுவனத்தின் ஷூஜி நகமுராவும் விடாமல் முயன்றனர். பிரகாசமான நீல எல்.இ.டி. 1993-இல் வெளிவந்தது, மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் நெடுங்காலம் சிவப்பு எழுத்துகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததற்கு நீலம் இல்லாமையும் ஒரு காரணம்.

நூற்றுக்கு இருபத்தைந்து

கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-இல் இரு மெல்லிய கரிமப் படலங்களைக் கொண்டு முதல் நல்ல ஓ.எல்.இ.டி.யைச் செய்தனர். செலுத்திய 100 எலக்ட்ரான்களுக்கு ஏறத்தாழ ஓர் ஒளித்துகள் வெளிவந்தது. இவ்வளவு குறைவாக இருந்ததற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, குவாண்டம் விதி. எலக்ட்ரானும் நேர்மின் துளையும் ஒரு மூலக்கூறில் சந்திக்கும்போது, நான்கில் ஒரு முறை ஒற்றை நிலையும் மூன்று முறை மும்மை நிலையும் உண்டாகின்றன. சாதாரணக் கரிமப் பொருளில் ஒற்றை நிலை மட்டுமே ஒளியாகும். மும்மை நிலை வெப்பமாக அடங்கும். அதாவது 100-க்கு 25-தான் வரம்பு. 1998-இல் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் ஆகியோரின் குழு பிளாட்டினம் சேர்ந்த மூலக்கூறைக் கொண்டு மும்மை நிலையையும் ஒளியாக்கியது. அடுத்து இரிடியம் வந்தது. கன உலோக அணுவின் துணையால் மூலக்கூறுக்குள் உண்டாகும் ஒளி 100-ஐ நெருங்கியது. பச்சையும் சிவப்பும் இம்முறையில் கைப்பேசிகளுக்குள் நுழைந்தன.

நீலம் மட்டும் நுழையவில்லை. நீல ஒளித்துகளின் ஆற்றல் சிவப்பினதைவிட மிகுதி. அவ்வளவு ஆற்றலைத் தாங்கிய மும்மை நிலை, ஒற்றை நிலையைவிடப் பல மடங்கு நேரம் மூலக்கூறில் தங்கியிருக்கும். அதற்குள் இன்னொரு கிளர்வுற்ற மூலக்கூறு அருகே வந்து மோதினால் இரண்டின் ஆற்றலும் சேர்ந்து வேதிப்பிணைப்பையே உடைத்துவிடும். சிவப்பும் பச்சையும் திடமாக இருக்கையில் நீலம் தேய்ந்துபோகும்; திரை மஞ்சளிக்கும். எனவே பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் பச்சையும் சிவப்பும் புதிய முறையிலும் நீலம் பழைய முறையிலும் ஒளிர்கின்றன. இதை ஈடுசெய்ய வடிவமைப்பாளர்கள் நீலத் துணைப்புள்ளியைப் பெரிதாக்கி அதன்மீது விழும் மின்னோட்டச் சுமையைக் குறைத்தனர். கேண்டிஸ் எலியட் வகுத்த பென்டைல் அமைப்பு, கண்ணின் இயல்பையே துணைக்கு அழைத்தது. நுண்விவரங்களைக் கண் பெரும்பாலும் பச்சையின் வழியே அறிகிறது; ஆகவே பச்சைப் பொட்டுகளை முழு எண்ணிக்கையில் சிறிதாகவும், சிவப்பையும் நீலத்தையும் பாதி எண்ணிக்கையில் பெரிதாகவும் வைத்தால் போதும். கைப்பேசித் திரையை உருப்பெருக்கியில் பார்த்தால் இந்தச் சமனற்ற பொட்டுகள் தெளிவாகத் தெரியும்; பள்ளி ஆய்வகத்தில் மாணவர் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை இது.

இரண்டாவது காரணம் ஒளிவிலகல். படலத்துக்குள் பிறந்த ஒளி, கண்ணாடியின் பரப்பைச் சாய்வாகத் தொட்டால் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்பிவிடும். எளிய அமைப்பில் ஐந்தில் ஒரு பங்கே வெளியேறும். இங்கே உதவிய ஒரு வழி நுண்குழிவு முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆனந்த் தொடபாலாபூர், தம் குழுவினருடன் 1994-இல் இதுபற்றி எழுதினார். ஒளிரும் படலத்தை இரு எதிரொளிக்கும் பரப்புகளுக்கு இடையே வைத்தால், இடைவெளியின் அளவுக்குப் பொருந்திய நிறம் மட்டும் வலுப்பெற்று நேர் முன்னோக்கி வரும். புல்லாங்குழலின் நீளம் சுரத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல் படலத்தின் தடிப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஒளியை விழுங்காமல் நிறத்தைத் தூய்மையாக்கும் முறை என்பதே இதன் சிறப்பு. கைப்பேசித் திரைகளில் மூன்று நிறங்களுக்கும் படலத் தடிப்பு வெவ்வேறாக இருப்பது இதனால்தான்.

நீலத்துக்கான தேடல் சிதம்பரத்திலும் நடந்துவருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஜெ. ஜெயபாரதியின் குழு, பீனாந்த்ரோ-இமிடசோல் வகை மூலக்கூறுகளைத் தொகுத்து, நீல ஓ.எல்.இ.டி.களாகச் செய்து, அவற்றின் திறனை அளந்து பல கட்டுரைகள் வெளியிட்டுள்ளது. விலையுயர்ந்த இரிடியம் இன்றி, வழக்கமாக வீணாகும் மும்மை நிலைகளில் ஒரு பகுதியை ஒற்றை நிலைக்குத் திருப்பிவிடும் மூலக்கூறு அமைப்பைத் தேடுவது இத்துறையின் நோக்கங்களுள் ஒன்று. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்துச் சிஹாயா அடாச்சி குழு 2012-இல் வேறொரு வழியில் இதைச் சாதித்துக் காட்டியிருந்தது. வேதிப்பொருளைத் தொகுக்க ஒரு நல்ல ஆய்வகமும் பொறுமையும் இருந்தால் போதும். திரை செய்யும் ஆலை வேண்டியதில்லை. சிதம்பரம் போன்ற ஊரிலிருந்து இத்துறைக்குள் நுழைய முடிந்தது அதனால்தான்.

புள்ளி சிறுத்தால் திறன் குறையும்

கண்ணில் அணியும் திரையில் படப்புள்ளி எவ்வளவு சிறியது? ஆப்பிள் நிறுவனம் 2024-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விஷன் புரோ கருவியின் படப்புள்ளிகள் 7.5 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. குமாரபாளையத் தறியில் ஓடும் 40-ஆம் நம்பர் பருத்தி நூலின் தடிப்பு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர். அந்த ஒரு நூலின் குறுக்கே இத்தகைய படப்புள்ளிகள் இருபதை வைக்கலாம். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நிறங்கள்.

கைப்பேசியின் மூன்று நிறப் படலங்களையும் நுண்துளைத் தகட்டின் வழியே ஆவியாகப் படியவைக்கிறார்கள். அத்தகடும் இன்வாரால் ஆனதே. 1950-இன் நிழல் தகடு திரைக்குள்ளிருந்து வெளியேறி ஆலைக்குள் குடிபுகுந்தது எனலாம். சில மைக்ரோமீட்டர் அளவுக்கு அதில் துளையிடுவது மிகக் கடினம். ஆகவே கண்ணருகுத் திரைகளில் பெரும்பாலும் வெண்ணிற ஓ.எல்.இ.டி.யை ஒரே படலமாகப் பரப்பி, மேலே நிறவடிகட்டி வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஒளி மறுபடியும் சாயத்துக்குப் பலி. வடிகட்டியின்றி மூன்று நிறங்களையும் நேரடியாகப் படியவைக்கும் முறையில் ஈடுபட்டிருந்த இமேஜின் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சாம்சங் டிஸ்பிளே 2023-இல் விலைக்கு வாங்கியது.

மைக்ரோ எல்.இ.டி. வேறு பாதை. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாங்சிங் ஜியாங்கும் ஜிங்யு லின்னும் 2000-ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கிவைத்தனர். காலியம் நைட்ரைடு போன்ற படிகத்தையே நுண்துண்டுகளாகச் செதுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு துணைப்புள்ளியாக்குவது இதன் வழி. இப்படிகங்கள் ஓ.எல்.இ.டி.யைப்போல் தேய்வதில்லை. ஆனால் செதுக்கும்போது துண்டின் பக்கச் சுவர் சேதமடைகிறது. சுவரருகே சேரும் எலக்ட்ரான்கள் ஒளி தராமல் வெப்பமாகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சேதம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோமீட்டர் சதுரத் துண்டில் சேதமற்ற பகுதி 98 × 98, அதாவது பரப்பில் 96 விழுக்காடு. 5 மைக்ரோமீட்டர் துண்டில் அது 3 × 3. 25-இல் 9, அதாவது 36 விழுக்காடு. 3 மைக்ரோமீட்டர் துண்டில் வெறும் 11 விழுக்காடு. துணி சிறுத்தால் கரை அகலமாகத் தெரிவதைப் போன்றது இது.

இந்தச் சேதம் மூன்று நிறங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. நீலமும் பச்சையும் தரும் காலியம் நைட்ரைடில் எலக்ட்ரான்கள் சுவரை அவ்வளவு எளிதில் சென்றடைவதில்லை. சிவப்பு தரும் அலுமினியம்–இண்டியம்–காலியம் பாஸ்பைடில் அவை வேகமாகச் சுவருக்குப் போய் அழிகின்றன. அறுபதாண்டுகளுக்கு முன்பே வந்த சிவப்பு எல்.இ.டி., புள்ளி சிறுத்ததும் பின்வரிசைக்குப் போனது இப்படித்தான். நைட்ரைடிலேயே இண்டியத்தைக் கூட்டிச் சிவப்பை எடுக்க முயல்கிறார்கள். இண்டியம் கூடக்கூடப் படிகத்தில் இறுக்கமும் குறைகளும் பெருகுகின்றன. அமிலத்தால் சுவரைக் கழுவுதல், மெல்லிய காப்புப் படலம் பூசுதல், செதுக்காமலேயே நுண்கம்பிகளாகப் படிகத்தை வளர்த்தல் ஆகியவை வேறு வழிகள்.

நீலத்தை மட்டும் உண்டாக்கி, அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. இதற்குக் குவாண்டம் புள்ளிகள் பயன்படுகின்றன. சில நானோமீட்டர் அளவுள்ள இத்துகள்களின் பருமனே நிறத்தைத் தீர்மானிக்கும். இவற்றுக்காக மௌங்கி பவெண்டி, லூயிஸ் புருஸ், அலெக்சி எக்கிமோவ் ஆகியோர் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். வடிகட்டி வேண்டாத நிறத்தை விழுங்கிக் கொல்லும். குவாண்டம் புள்ளி விழுங்கிய நீலத்தை வேறு நிறமாகத் திருப்பித் தரும். இருப்பினும் மிகச் சிறிய புள்ளியின்மேல் தடித்த படலம் பூச இடமில்லை. மெல்லிய படலமோ நீலத்தை முழுவதும் விழுங்காமல் கசியவிட்டுச் சிவப்பை வெளிறச் செய்யும்.

தமிழ்நாட்டில் ஒரு திரை மையம்

நல்ல ஒளிர்பொருளும் நல்ல படிகமும் கிடைத்தாலும், அவற்றுக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரான்சிஸ்டர் சுற்று சரியில்லாவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு துணைப்புள்ளியின் அடியிலும் அத்தகைய சுற்று ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டர் நாளாக ஆகத் தளரும். ஒளிரும் படலமும் தேயும். இவ்விரண்டையும் ஈடுகட்டும் சுற்றுகளைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றிய ஆரோக்கிய நாதனின் குழு விரிவாக ஆய்ந்தது. தேய்ந்த நீலத்துக்கு வேண்டிய கூடுதல் பங்கைத் தேடிக் கொடுப்பவை இத்தகைய சுற்றுகளே.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2023-இல் தொடங்கிய அமோலெட் ஆய்வு மையம், பொருள், படலம், சுற்று ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர முயல்கிறது. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு, டாட்டா சன்ஸ் ஆகியவை இதற்கு நிதி அளித்துள்ளன. கைப்பேசி, கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கான திரைகளே இதன் இலக்கு. இந்தியாவில் கைப்பேசிகள் பெருமளவில் பொருத்தப்பட்டாலும் அவற்றின் திரைப்பலகைகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. நெசவுக்கு ஒப்பிட்டால், தையல் இங்கே, தறி அங்கே என்ற நிலை. ஆய்வு மையம் ஒன்று ஆலைக்கு ஈடாகாது. ஆனால் திரையின் ஒவ்வொரு அடுக்கையும் தன் கையால் படியவைத்துப் பழகிய பொறியாளர்கள் இல்லாமல் ஆலை வந்தும் பயனில்லை. அவர்களை உருவாக்கும் இடமாகவே இம்மையத்தை மதிப்பிட வேண்டும்.

நீலத்தின் நிலையில் 2025-இல் சிறிது மாற்றம் தெரிந்தது. கொரியாவின் எல்.ஜி. டிஸ்பிளே நிறுவனம், மும்மை நிலையையும் ஒளியாக்கும் நீலத்தைக் கொண்ட திரைப்பலகை பெருமளவு உற்பத்திக்குத் தகுதி பெற்றுவிட்டதாக அறிவித்தது. அதன் அமைப்பைக் கவனித்தால் முழு வெற்றி இன்னும் வரவில்லை என்பது புரியும். அதில் நீலம் இரண்டு அடுக்குகளாக உள்ளது: மேலடுக்கு புதிய முறையில் ஒளிர்கிறது, நீண்ட நாள் உழைக்கும் பழைய முறை நீலம் கீழடுக்கில் இருந்து பாதிச் சுமையைத் தாங்குகிறது.